அலமாரிக்குள் அப்பா

கதவு தட்டப்பட்டதும் டெரன்ஸ் துணி அலமாரிக்குள் புகுந்துகொண்டான். சிறைக்குப் போய் வந்தவன் அந்த அரசுக் குடியிருப்பில் தங்குவது தெரிந்தால், மனைவியும் மகளும் தெருவுக்கு வரவேண்டியதுதான்.

சிகாகோ பனி சொட்டும் அவனுடைய பூட்ஸைச் சோபாவுக்கு அடியில் தள்ளிவிட்டு, யோலாண்டா கதவைத் திறந்தாள். கோப்பும் கையுமாக ஒரு வெள்ளைக்காரி. குடியிருப்பு அலுவலகத்தின் வீட்டுச் சோதனைதான்! அவள் நீட்டிய அடையாள அட்டையை யோலாண்டா படிக்கக்கூட இல்லை.

"உங்களத் தவிர பெரியவங்க யாராச்சும் இருக்காங்களாம்மா?"

"எங்கங்க! இவ அப்பன் மூஞ்சியப் பாத்து ரெண்டு வருஷமாச்சு. பாத்தா நீங்களே இழுத்துட்டுப் போங்க!"

வந்தவள் ஏழு வயது நியாவிடம் குனிந்தாள். "அம்மா ராத்திரி வேலைக்குப் போனா, உன்கூட யாரு செல்லம் இருப்பா?"

தினமும் கதை சொல்லி அவளைத் தூங்கவைக்கும் அப்பா, அலமாரிக்குள் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தான். நியா அம்மாவின் கண்ணைப் பார்த்தாள்.

"யாருமில்ல. நான் மட்டும்தான்."

சொல்லிக்கொடுத்தது சொல்லிக்கொடுத்தபடி! யோலாண்டாவுக்கு உயிர் வந்தது. "வீட்டுக்கு ஒண்ணும் ஆபத்தில்லையே, மேடம்?"

"வீடா? நான் குழந்தைகள் பாதுகாப்புத் துறைம்மா. பள்ளிக்கூடத்துலயும் பாப்பா இதையேதான் சொல்லுதாம்; நான்தான் நம்பல" என்றவள் கோப்பை மூடினாள். "பாப்பாவுக்கு ரெண்டு செட் துணி எடுத்து வைங்க, கூட்டிட்டுப் போறேன். இனிமே இவளத் தனியா விட முடியாது."