பின் சீட்

கனடாவின் அஜக்ஸ் நகரில் அமிர்தநாதரின் உடல் பார்வைக்கு வைக்கப்பட்டிருந்தது.

“மன்னார்க் கடலில போட் றேஸ் எண்டால் உங்கட அப்பாதான். கிளிப்பச்சை போட், இடுப்பில சிவப்புக் களிசான், வாயில சுருட்டு. ஒருத்தராலயும் பிடிக்கேலாது,” என்றார் பழைய நண்பர் சூசைப்பிள்ளை.

அழுதுகொண்டிருந்த றூபனும் ஸ்டெபனியும் சிரித்துவிட்டார்கள்.

“எங்கட அப்பாவோ? ஹைவேயில எண்பதைத் தாண்டமாட்டார், அங்கிள். பின் சீட்டில நாங்கள் இருக்கிறமோ எண்டு திரும்பித் திரும்பிப் பாப்பார்,” என்றான் றூபன்.

சூசைப்பிள்ளை சிரிக்கவில்லை. அவர்களின் தாய் யூஜினியைப் பார்த்தார்.

“பிள்ளையளுக்குச் சொல்லேல்லையோ, தங்கச்சி?”

யூஜினி சவப்பெட்டியிலிருந்து கையை எடுக்காமலே பிள்ளைகளிடம் சொன்னார்.

“உங்களுக்கு ஒரு அக்கா இருந்தவள். அடம்பிடிச்சு, கடைசி றேஸில அப்பாவுக்குப் பின்னால ஏறி இருந்தவள். ‘வெண்டிட்டம் பிள்ளை’ எண்டு கரையில வந்துதான் அவர் திரும்பிப் பாத்தவர். அவள் போட்டில இல்லை.”