இருபத்தேழாவது வளைவு

சுற்றுலா பஸ் மலையேறத் தொடங்கியதிலிருந்து, கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் முன்சீட்டில் இருந்த அம்பலவாணனின் வலது கால் தரையை மிதித்தது. அங்கே பிரேக் இல்லை. முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற கால் அது. "அதான் டிரைவர் இருக்காரே, நீங்க வெளியே பாருங்க" என்றாள் பக்கத்தில் இருந்த மனைவி பவுனம்மாள். "ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது பவுனு" என்றார். கல்யாண மேடையில்கூட எதிரே வருகிறவர்களையே பார்த்துக்கொண்டிருந்த மனுஷன். இருபத்தேழாவது வளைவில் மூடுபனி சட்டென்று விலகியது. பள்ளத்தாக்கு முழுக்க மேகம் கிடந்தது. அதற்கு மேலே, இவ்வளவு நேரம் வானம் என்று எல்லோரும் நினைத்திருந்த இடத்திலும் மலைதான் இருந்தது. பின்சீட்டுகளில் பாட்டு நின்றுபோனது. அவர் மெல்லத் திரும்பி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "இத்தனை நாளும் இது இங்கேயேவா இருந்தது?" என்று கேட்டார். அவள் பதில் சொல்வதற்குள் அடுத்த வளைவு வந்துவிட்டது. அவர் கால் அசையவில்லை. பவுனம்மாள் மலையிலிருந்து கண்ணை எடுத்து ரோட்டைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, வலது காலால் தரையை அழுத்தி மிதித்தாள்.