பகல் வேலைக்கு ஒரு முகம்

“அக்கா, கண்மை வச்சிருக்கீங்களா? குடுங்கக்கா, பாத்ரூம் போயிட்டு வந்துடுறேன்.”

ரூபினி கையை நீட்டியதும் கங்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நெற்றிப் பொட்டைக்கூட ஒழுங்காக வைக்காத பெண் இது. இன்றைக்கு, எச்.ஆர். அறை வாசலில் உட்கார்ந்திருக்கும்போதா இவளுக்கு அலங்கார ஆசை வரவேண்டும்?

“இந்தா, நல்லா இழுத்துப் போட்டுக்கோ,” என்று பென்சிலை எடுத்துக் கொடுத்தாள். ஜெயிக்கப் போகிறோம் என்று தெரிந்துவிட்டால் யாருக்கும் தாராள மனது வந்துவிடும்.

மலேசியாவின் கோலசிலாங்கூர் சாலையில் இருந்த அந்தக் கையுறைத் தொழிற்சாலையில், பகல் ஷிப்டில் ஒரே ஓர் இடம் காலியாகியிருந்தது. வேண்டும் என்பவர்கள் வெள்ளிக்கிழமை காலை நேரில் வந்து காரணம் சொல்ல வேண்டும் என்று பலகையில் ஒட்டியிருந்தார்கள். இரவு வேலை முடிந்த கையோடு வந்தவர்கள் இரண்டே பேர். எட்டு வருடமாக இரவு ஷிப்டில் இருக்கும் கங்கா. எட்டு மாதத்துக்கு முன்பு சேர்ந்த ரூபினி.

கங்காவுக்கு அந்த இடம் எப்படியாவது கிடைத்தாக வேண்டும். பகலில் கண்ணை மூடினால் வாசலில் செம்பனைக் குலை ஏற்றிய லோரி உறுமும், பக்கத்து வீட்டு வாஷிங் மெஷின் சுவரோடு சேர்ந்து ஆடும். போன மாதம் கோயிலில் தீபாராதனை நேரத்தில் நின்றபடியே தூங்கி, முன்னால் நின்றவர் முதுகில் சாய்ந்துவிட்டாள். சாமி வந்துவிட்டது என்று நினைத்து ஆளாளுக்கு வேப்பிலை தேடினார்கள்.

இதையெல்லாம் சொன்னாலே போதும். ஆனால் கங்காவின் புத்தி வேறு பக்கம் ஓடியது. பகலில்தானே வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் வந்து தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்கிறார்கள்? கண்ணுக்குக் கீழே குழியும் கருவளையமுமாக இருக்கிற ஒரு முகத்தை அவர்கள் முன்னால் எவன் நிறுத்துவான்? போனஸ் கைக்கு வந்ததும் புஞ்சாக் ஆலாமில் ஒரு கிளினிக்கில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

“பள்ளத்தோட நிழல்தான்மா கருப்பாத் தெரியுது. பில்லர்னு ஒரு ஊசி போட்டுப் பள்ளத்த நிரப்பிட்டா நிழலும் போயிடும்,” என்றார் டாக்டர். “ஆனா நீங்க நல்லாத் தூங்கணும்.”

“அதுக்குத்தான் டாக்டர் இதப் போடுறேன்,” என்றாள் கங்கா. டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. ஊசியைப் போட்டுவிட்டார்.

ஊசி போட்ட இடம் ஒரு வாரம் கன்றிக் கிடந்தது. அலமாரிக் கதவு இடித்துவிட்டது என்று சொல்லிச் சமாளித்தாள். வீக்கம் வடிந்ததும் முகம் பளிச்சென்று ஆகிவிட, பெருமை தாங்காமல் பேக்டரி பஸ்ஸில் ரூபினி ஒருத்தியிடம் மட்டும் விஷயத்தை உடைத்தாள். டாக்டர் சொன்ன நிழல் கதையையும் விடவில்லை.

“ஒரு வருசத்துக்கு அப்படியே நிக்கும், தெரியுமா?”

ரூபினி அவள் கண்களையே பார்த்துக்கொண்டு வந்தாள். பொறாமை என்று கங்கா முடிவு செய்துகொண்டாள்.

இப்போதும் கைப்பேசிக் கேமராவில் அந்தக் கண்களைத்தான் ரசித்துக்கொண்டிருந்தாள். அதற்குள் ரூபினியைக் கூப்பிட்டுவிட்டார்கள். பாத்ரூமிலிருந்து வந்தவள் தலையைக் குனிந்தபடி உள்ளே போனாள். ஐந்து நிமிடத்தில் வெளியே வந்து, அதே வேகத்தில் மறுபடியும் பாத்ரூமுக்கு ஓடினாள். பயத்தில் பிள்ளைக்கு வயிறு கலக்குகிறது போலும் என்று கங்கா இரக்கப்பட்டாள்.

அடுத்தது அவள். எச்.ஆர். அதிகாரி சசிகுமார் நிமிர்ந்து அவளைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார்.

“எட்டு வருசமா நைட்டாக்கா? நம்பவே முடியலலா! முகம் என்னா பிரெஷ்ஷா இருக்கு!”

கங்காவுக்கு உச்சி குளிர்ந்துபோனது.

“சரி, எதுக்குப் பகல் ஷிப்ட் கேக்குறீங்க?”

“தூக்கமே இல்ல சார். பகல்ல ரெண்டு மணி நேரம் தூங்குனாலே பெருசு. உடம்பு தாங்கல.”

சசிகுமார் சிரித்தார். “அக்கா, வாய் ஆயிரம் சொல்லும். நான் முகத்தப் பாத்துத்தான் முடிவு பண்ணுவேன். உங்களுக்கு நைட் ஷிப்ட் நல்லா ஒத்துப்போயிருக்குலா. இப்பப் போச்சே ரூபினி, அந்தப் பிள்ளையப் பாத்தீங்களா? எட்டு மாசத்துலயே கண்ணு ரெண்டும் கருத்து, குழி விழுந்து… பாக்கவே பாவமா இருந்துச்சு. அதுக்கே குடுத்துட்டேன்.”

“சார், நான் உண்மையிலேயே தூங்கி எட்டு வருசம் ஆச்சு சார்!”

“இந்த முகத்த வச்சுக்கிட்டா?”

ஊசியைப் பற்றிச் சொல்ல வாயைத் திறந்தாள். சொன்னால் மத்தியானத்துக்குள் கேண்டீன் முழுக்கச் சிரிக்கும். திறந்த வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தாள். எட்டு வருடத் தூக்கமும் சேர்ந்து அழுகையாக முட்டிக்கொண்டு வந்தது.

யார் கண்ணிலும் படாமல் அழுவதற்காகப் பாத்ரூமுக்குள் நுழைந்தாள். அங்கே ரூபினி பேசினில் குனிந்து, சோப்புப் போட்டு முகம் கழுவிக்கொண்டிருந்தாள். கங்காவைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு, பென்சிலை மரியாதையாக இரண்டு கையாலும் நீட்டினாள்.

“இந்தாங்கக்கா. கண்ணுக்குக் கீழ தேச்சது ஒரு தடவ கழுவுனதுமே போயிடுச்சு. உங்களுக்குத்தான் பாவம், ஒரு வருசம் ஆவும்.”