செல்லாத அட்டை

“இந்தப் பச்சை அட்டையில எங்க நாட்டுப் பேரைக் கோடு போட்டு அடிச்சிருக்காங்க. உங்க கார் இன்சூரன்ஸ் இங்க செல்லாது,” என்றாள் அல்பேனிய எல்லைச் சாவடி அதிகாரி மிமோசா.

காருக்குள் இருந்த ஸ்கெந்தருக்கு வியர்த்தது. “அல்பேனியாவுக்கும் சேர்த்துத்தான் மேடம் வாங்கினேன்.”

“நீங்களே பாருங்க, கோடு போட்டிருக்கு. அந்த ஜன்னல்ல புதுசா எடுத்துட்டு வாங்க.”

“அங்க பெரிய வரிசை நிக்குது. பின்சீட்ல என் பொண்ணு காய்ச்சலோட கிடக்கா. கொஞ்சம் மனசு வைங்க.”

“நானும் பிள்ளை பெத்தவதான். அதுக்காகச் சட்டத்தை மாத்த முடியுமா?”

‘கல்நெஞ்சக்காரி’ என்று முனகிக்கொண்டே அவன் இறங்கிப் போய் வரிசையில் நின்றான். புது இன்சூரன்ஸோடு ஓடி வந்தபோது காரைச் சுற்றிப் போலீஸ் நின்றது. சிறுமி மிமோசாவின் தோளில் சாய்ந்து விசும்பிக்கொண்டிருந்தாள்.

கையில் விலங்கு விழுந்ததும், “நான் என்ன தப்பு பண்ணேன்?” என்று கத்தினான்.

“நீ கார் பேப்பரைத் தேடிக் குனிஞ்சப்ப, ‘அப்பாவா?’ன்னு இவகிட்ட ஜாடையில கேட்டேன். இல்லைன்னு தலையாட்டினா,” என்றாள் மிமோசா. “உன் அட்டை சரியாத்தான் இருந்துச்சு. கோடு போட்டது நான். உன்னை வண்டியை விட்டு இறக்க வேற வழி தெரியல.”