எறும்பு நக்கிய வெள்ளைத் தூள்

ஒரு வீட்டுச் சுவர் இடுக்கில் அங்காயி, பொட்டு என்று இரண்டு எறும்புகள் இருந்தன. வயிற்றில் இரை கொண்டுவந்து குஞ்சுகளுக்கு வாய்க்கு வாய் ஊட்டுவதுதான் அவர்கள் வேலை.

ஒருநாள் தரையில் சிந்திக் கிடந்த வெள்ளைத் தூளைச் சர்க்கரை என்று நினைத்து அங்காயி நக்கிவிட்டாள். அது மனுசர் போதைக்காகச் செய்த மருந்துத் தூள். அவளுக்குப் பசி போனது, தூக்கம் போனது. நெஞ்சு அடித்துக்கொண்டே இருந்தது. சும்மா சும்மா சுவரைச் சுற்றி ஓடினாள்.

"கொஞ்சம் உட்காருடி," என்றாள் பொட்டு.

"உனக்குப் பொறாமைடி. என் குஞ்சுங்களுக்கும் இதை ஊட்டப் போறேன், அதுங்களும் பறக்கட்டும்."

பொட்டு ஓடிப்போய் குஞ்சுகள் இருந்த பொந்தின் வாசலை அடைத்து நின்றுகொண்டாள். அங்காயி கண்ணுக்கு அவள் பல்லியாகத் தெரிந்தாள். அங்காயி பாய்ந்து அவள் கால் ஒன்றைக் கடித்துத் துண்டாக்கினாள். அப்படியும் பொட்டு நகரவில்லை. கடைசியில் அங்காயிதான் துடித்து மயங்கி விழுந்தாள்.

கண் விழித்தபோது ஈர மண்ணில் கிடந்தாள். பொட்டுதான் இழுத்து வந்திருந்தாள்.

"குஞ்சுங்க?"

"தூங்குதுங்க. நான் ஊட்டிட்டேன்."

அங்காயி அவள் காலைப் பார்த்தாள். "வலிக்குதா?"

"வலிக்காம? நல்லாத்தான் கடிச்ச. உனக்குப் பசிக்குதா, அதைச் சொல்லு."

அப்போதுதான் அங்காயிக்குப் பசி தெரிந்தது. பொட்டு நொண்டிக்கொண்டே கிட்டே வந்து, தன் வயிற்றில் மிச்சம் இருந்ததை ஊட்டினாள். நெஞ்சுப் படபடப்பு இன்னும் அடங்காத அங்காயி, ஒரு குஞ்சைப் போல வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள்.