ஞானதுரையின் முறை

வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபத்தில் ஆளுக்கொரு வசனம் வாசிப்பது வழக்கம். தலையில் அடிபட்டுக் கண் திறக்காமல் கிடந்த ஞானதுரையின் கட்டிலைச் சுற்றி நாற்காலிகள் போட்ட பிறகும் அவருடைய முறையை யாரும் தாண்டிப் போகவில்லை. அவருக்கு வரும் வசனத்தை மனைவி ரூபாவதி வாசித்துவிடுவாள். அன்று படகும் புயலும் வரும் பகுதி. தலையணை வைத்துத் தூங்கும் இயேசுவை, மூழ்கப்போகிறோம் என்று பயந்த சீடர்கள், 'உமக்குக் கவலையில்லையா' என்று கேட்டு எழுப்புகிறார்கள். அந்த வசனத்தை வாசித்துவிட்டு, ஜெபத்தை நடத்த வந்திருந்த உபதேசியார் நிறுத்தினார்.

"படகு வெளிய எங்கயும் இல்ல. அது இந்த உடம்பு. புயலு நம்ம கவலை. உள்ள தூங்குதாருல்லா, அதுதான் நமக்குள்ள இருக்க விழிப்பு."

"விழிப்பு எப்பிடி ஐயா தூங்கும்?" என்று கேட்டாள் ரூபாவதி.

"தூங்குத மாதிரி இருக்கும்மா. அணைஞ்சு போகாது."

"அப்பம் எழுப்புனது யாரு? அவங்களும் உள்ளதான் இருந்தாங்களா, வெளிய இருந்து போனாங்களா?"

உபதேசியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அத நான் யோசிச்சதில்ல."

அடுத்தது ஞானதுரையின் முறை. தூங்கியவர் எழுந்து காற்றை அதட்டுகிற வசனம். எல்லோரும் ரூபாவதியைப் பார்த்தார்கள். அவள் வேதாகமத்தை மூடிவிட்டுக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். வலிக்குமோ என்று இத்தனை நாளும் தொடப் பயந்த அவருடைய தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"ஏங்க, நாங்க இங்க முங்கிட்டிருக்கோம். உங்களுக்குக் கவலையே இல்லியா? உங்க முறை. வாசிங்க."

யாரும் அவளைத் தடுக்கவில்லை. ஞானதுரைக்கு அடுத்து உட்கார்ந்திருந்தவர் தன் வசனத்தின்மேல் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.