அறுபது மில்லி தண்ணீர்

"பாருங்க, மறுபடியும் ஊத்தறா!"

கைப்பேசியைக் கணவனின் மூக்குக்கு நேரே நீட்டினாள். திரையில், கேமரா பிடித்த அவர்கள் வீட்டுச் சமையலறை. குழந்தை பிறந்ததிலிருந்தே வீட்டோடு தங்கியிருக்கும் ஆயா, அதன் பால் பாட்டிலைத் திறந்து தண்ணீர் ஊற்றினாள், குலுக்கினாள்.

"பாலை நான் என் கையால கலந்து கொடுக்கறேன். ஊட்டறதுக்கு முன்னாடி இவ ஏன் உள்ளே ஓடறா? பாதியைக் குடிச்சிட்டுத் தண்ணியை ரொப்பறா!"

"குடிக்கறது தெரியலையே?"

"முதுகைக் காட்டிட்டு நின்னா எப்படித் தெரியும்?"

"நீ போலீஸ்ல சேர்ந்திருக்கணும்."

"சிரிங்க! வாயில்லாப் பிள்ளை வயித்துல அடிக்கறா."

காலையில் கேட்டபோது ஆயா தலைகுனியவில்லை. அதுதான் இவளுக்கு இன்னும் எரிந்தது.

"ஊத்தினேன்மா. பால் ரொம்பக் கெட்டி. புள்ளைக்கு..."

"வந்துட்டாங்க பெரிய டாக்டர்! பையை எடுத்துட்டுக் கிளம்புங்க."

ஆயா தொட்டிலை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனாள். வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் இவள் விடுப்பு எடுத்துக்கொண்டாள். கலந்ததும் ஊட்டியதும் இவளேதான்.

நான்காம் நாள் குழந்தை வீறிட்டு அழுதது. பிறகு அழவும் தெம்பில்லாமல் துவண்டது. தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

"ரத்தத்துல உப்பு ஏறியிருக்கு," என்றார் டாக்டர். "மெதுவா இறக்கிடலாம், பிழைச்சுக்குவான். பால் எப்படிக் கலக்கறீங்க?"

"நூத்தியிருபது மில்லி தண்ணிக்கு ஆறு கரண்டி பால் பவுடர்."

"நாலுதானே போடணும்?"

"எடை கம்மியாப் பிறந்தவன் டாக்டர். சதை பிடிக்கட்டும்னு நான்தான் ரெண்டு கூட..."

"பவுடர்லயே உப்பு இருக்கும்மா. பச்சைக் குழந்தையோட கிட்னிக்கு, கூடுதல் உப்பை நம்மள மாதிரி வெளியே தள்ளத் தெரியாது. தள்ளப் பார்த்து, உடம்புல இருக்கற தண்ணியைத்தான் இழக்கும். எத்தனை நாளா இப்படி?"

"பிறந்ததிலிருந்து. மூணு மாசமா."

டாக்டர் பழைய கோப்பைப் புரட்டினார். ஒரு தாளில் விரல் நின்றது.

"இருக்காதே. போன மாசம் எடுத்த ரத்தத்துல உப்பு சரியா இருக்கே!"

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"ஆறு கரண்டிக்கு நூத்தியெண்பது மில்லி தண்ணி வேணும். குறைஞ்ச அறுபதை யாரோ வேளை தவறாம ஊத்திக் காப்பாத்தியிருக்காங்க," என்றார் டாக்டர். "இப்போ அவங்க எங்கே போனாங்க?"